ஈயத்தகடு

தோமரோஸ் மலையில் பனி இறங்கிவிட்டால்
கேட்க வருகிறவர்கள் குறைந்துபோவார்கள்.
அப்போதுதான் எனக்கு வேலை.

தொதோனாவில், கருவாலி மரத்துக்குப் பின்னால்,
வருடம் முழுக்கச் சேர்ந்த ஈயத்தகடுகளை
மடிப்புப் பிரித்து, கல்லில் கிடத்தி,
மரச்சுத்தியலால் தட்டிச் சமமாக்குவேன்.
பழைய கேள்வி அழியும்.
புதிய கேள்விக்கு இடம் கிடைக்கும்.
ஈயம் மலிவுதான்.
ஆனாலும் கோயில் கணக்கில் எதுவும் வீணாவதில்லை.

அழிப்பதற்கு முன் படிப்பேன்.
படிக்கக் கூடாதென்று யாரும் சொன்னதில்லை;
எனக்கு எழுத்துத் தெரியுமென்று
யாரும் நினைத்ததுமில்லை.

மண்ணில் படுத்து, காலே கழுவாத பூசாரிகள்
தெய்வத்தைப் பற்றிப் பேச்செடுத்தால்
இடி என்பார்கள், மேகம் என்பார்கள்.
நான் படித்த தகடுகளில் வேறு பேச்சு:
வயிற்றில் இருப்பது என் பிள்ளையா?
போர்வையைத் திருடியவன் தோர்கோன்தானா?
கடல் தாண்டி ஆடு வாங்கப் போகலாமா?
எந்தத் தெய்வத்துக்கு எதைப் படைத்தால்
இடது கண் தெரியும்?
ஒருவன் தன் கடனை எழுத இடம் போதாமல்
விளிம்பைச் சுற்றி எழுதியிருந்தான்,
நத்தை ஊர்ந்த மாதிரி.

வானத்தை ஆள்கிறவன்
இத்தனை ஆட்டுக்கணக்கை எங்கே வைத்துக்கொள்வான்?

குடத்தில் கைவிட்டு ஓர் அவரைக்கொட்டை எடுப்பார்கள்.
வெள்ளை என்றால் ஆம்.
கறுப்பு என்றால் வேண்டாம்.
வந்தவர்கள் பதிலைச் சுமந்து மலை இறங்குவார்கள்.
கேள்வி என்னிடம் தங்கும்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்பு
ஐந்தாக மடித்த தகடு ஒன்று.
கூலிக்கு எழுதும் கிளவாஸின் கை;
அவன் எழுத்தில் எல்லா வட்டமும் சாய்ந்திருக்கும்.
'சீயஸே, தியோனே,
நிக்கேசோ கேட்கிறாள்.
ஈயம் தட்டும் கெர்தோனை விட்டுவிட்டு
அண்ணன் வீட்டுக்குப் போவது
அவளுக்கு நல்லதா?'

ஊரில் ஈயம் தட்டுகிறவன் ஒருவன்தான்.

முதலில் கோபம் வந்தது, அதுவும் தெய்வத்தின் மேல்.
யாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்!
அன்னமாக, காளையாக, பொன்மழையாகக்
கண்ட வாசலிலெல்லாம் நுழைந்து வந்தவனிடம்.
பிறகு உறைத்தது:
தியோனேயையும் சேர்த்துத்தானே எழுதச் சொல்லியிருக்கிறாள்.
அப்படிப்பட்டவனோடு
ஒரே பலிபீடத்தில் குடியிருப்பவள்.
அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கும்.

வீட்டுக்குப் போனேன்.
பயற்றங்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.
நிக்கேசோ என் கையைப் பார்த்து
'சாம்பல் போட்டுக் கழுவு' என்றாள்,
எப்போதும்போல.
அடுப்பில் அமர்ந்தவளுக்கு முதல் துளி ஊற்றினாள்.
இரண்டாவது கிண்ணம் எனக்கு.

எந்த மாதத்தில் கேட்டாள்?
வந்த அவரை என்ன நிறம்?
போகாதே என்று சொன்னதால் இருக்கிறாளா,
போ என்று சொல்லியும் இருக்கிறாளா?
முதலாவதென்றால்
என் வீட்டில் ஒரு தெய்வக்கட்டளை சமைக்கிறது.
இரண்டாவதென்றால்
தெய்வக்குற்றம் ஒன்று தினமும்
என் பக்கத்தில் படுத்து உறங்குகிறது,
காலை என் மேல் போட்டுக்கொண்டு.

கேட்டுவிடலாம்.
தகடும் எழுத்தாணியும் கையெட்டும் தூரத்தில்.
மூன்று முறை எடுத்தேன்.
'கெர்தோன் கேட்கிறான்' என்பதற்கு மேல்
கை ஓடவில்லை.

அவள் தகட்டை அன்றே தட்டினேன்.
மெல்லத்தான் தட்டியிருக்கிறேன்.
அடுக்கின் அடியிலேயே வைத்து வந்தேன்;
போன வசந்தத்தில் கோயில் பையன்
அதை உருவி யாருக்கோ கொடுத்துவிட்டான்.
இந்தப் பனிக்கு என்னிடமே திரும்பியது.
மொலோசிய இடையன் ஒருவன்
தொலைந்த நாயைப் பற்றிக் கேட்டிருக்கிறான்.
அவன் நாய்க்கு அடியில்,
வெயிலில் சாய்த்தால்,
'கெர்' வரை இன்னும் தெரிகிறது.

நாய் வந்துவிட்டதாம்.
தானாகவே, என்கிறார்கள்.